எல்லைப்புற முன்னோருக்கு இரண்டு தகப்பனா? வர்ஜீனியா–கென்டக்கி வம்சாவளிச் சிக்கலை அறிகுறி பார்த்து அவிழ்ப்பது எப்படி

18-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மேற்கு ஓரத்திலும் கென்டக்கியிலும் குடியேறிய ஒருவருக்குக் குடும்ப மரங்கள் (வம்சாவளிப் படங்கள்) இரண்டு தகப்பன், மூன்று தகப்பன் காட்டுவது சகஜம். வர்ஜீனியாவில் மாநில அளவில் பிறப்புப் பதிவு 1853-ல்தான் தொடங்கியது. எல்லைப்புறத்தில் தேவாலயப் பதிவேடுகளும் அரிது. கைக்குக் கிடைப்பதெல்லாம் நிலப் பத்திரம், வரிப் பட்டியல், கோர்ட் புத்தகம், உயில். நிலம் யார் கையில், வரி யார் தலையில் என்று பதிவு செய்யத்தான் இவற்றை எழுதினார்கள். யார் யாருடைய பிள்ளை என்பது அதில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு வரும். அதனால் நிலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் தகப்பன் அகப்படுவார். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த வட்டாரத்தில் ஜான் என்ற பெயருள்ள அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

முதலில் ஒரு தாளில் சர்ச்சையை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: இன்ன ஆண்டில், இன்ன கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), இன்ன ஓடைக்கரையில் இருந்த இன்னார், இன்ன இடத்து இன்னாரின் பிள்ளை. இடமும் ஆண்டும் இல்லாமல் வெறும் பெயரை எழுதினால் வேலை தொடங்கும்போதே கெட்டது. அதற்குக் கீழே ஆறு பத்திகள் போடுங்கள்: தேதி, ஆவணம், கவுண்டி, ஓடை, கூட வரும் பெயர்கள், நீங்கள் பார்த்தது மூலமா நகலா சுருக்கமா. கடைசிப் பத்தியை யாரும் நிரப்புவதில்லை. பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அச்சில் வந்த சுருக்கங்களில் பெயர் விடுபடும், "மகன்" என்பது "மகன்கள்" ஆகும், சாட்சியே வாங்கியவர் ஆகிவிடுவார்.

அறிகுறி: ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இரண்டு பேர்

தகப்பன் தகராறாகத் தெரிவதில் பெரும்பாலானவை உண்மையில் ஆள் குழப்பம். ஒரு ஜானின் மனைவி மேரி, இன்னொரு ஜானின் மனைவி மார்கரெட். யாரோ இரண்டையும் சேர்த்து, மேரி இறந்தபின் மார்கரெட்டைக் கட்டினார் என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே தகப்பன்.

பிரிக்கும் வழி இது. அந்தப் பெயரில் வரும் ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். ஆளைத் தீர்மானிக்காமல், சீட்டுகளை ஓடையின் பெயரால் அடுக்குங்கள். எல்லைப்புறத்தில் ஊர் கிடையாது, தெரு கிடையாது. ஆளின் முகவரி ஓடைதான். பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் மனைவி பெயர், பக்கத்து நிலக்காரர்கள், சாட்சிகள், சர்வேயில் சங்கிலி பிடித்தவர்கள் ஆகியோரைக் குறியுங்கள். சங்கிலி பிடிக்கப் பெரும்பாலும் வீட்டாளோ அண்டை வீட்டாளோதான் போவார், ஆகவே அந்தப் பெயர்களுக்கு மதிப்பு அதிகம். இரண்டு அடுக்கிலும் பொதுவான பெயரே இல்லை என்றால் நீங்கள் பார்ப்பது இரண்டு ஆட்கள்.

பலர் சறுக்கும் இடம் கையெழுத்து. பத்திரப் புத்தகத்தில் இருக்கும் கையெழுத்து விற்றவருடையது இல்லை. கிளார்க் தன் கையால் படியெடுத்தது. அதை வைத்து இரண்டு ஜான்களின் எழுத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. உதிரித் தாள்களாகக் கிடக்கும் மூல உயில், கல்யாண ஜாமீன் பத்திரம், வழக்குக் கட்டு இவற்றில் இருப்பதுதான் நிஜக் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் போட்ட குறிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. கிளார்க்குகள் பல சமயம் அதன் வடிவத்தையே படியில் வரைந்து வைப்பார்கள். ஒருவர் எப்போதும் தன் பெயரின் முதலெழுத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தால், அவரைக் கவுண்டி முழுக்கத் தேடிப் பிடிக்க அதுவே போதும்.

அடுக்கியும் பிரியவில்லையென்றால் நிலத்தை வரைந்து பாருங்கள். அளவு "போல்" கணக்கில் இருக்கும். ஒரு போல் 16.5 அடி, 320 போல் ஒரு மைல், 160 சதுர போல் ஒரு ஏக்கர். சர்வேயர் சங்கிலி 66 அடி, அதாவது நான்கு போல். இப்படி ஒரு சக்குபந்தி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து கிழக்கே 30 பாகை சாய்ந்து 100 போல் ஹிக்கரி மரம் வரை, அங்கிருந்து தெற்கிலிருந்து கிழக்கே 60 பாகையில் 80 போல், பிறகு தெற்கிலிருந்து மேற்கே 30 பாகையில் 100 போல், அங்கிருந்து நேராகத் தொடங்கிய இடத்துக்கு. நூறும் எண்பதும் பெருக்கினால் 8,000 சதுர போல், 50 ஏக்கர். பத்திரத்திலும் 50 ஏக்கர் என்றிருந்தால் நீங்கள் படித்தது சரி. 1:24,000 அளவு அமெரிக்க நிலவரைபடத்தில் 100 போல் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர், 80 போல் 17-க்குச் சற்றுக் குறைவு. மெல்லிய தாளில் வரைந்து வரைபடத்தின் மேல் வைத்து ஓடை வளைவுக்குப் பொருத்துங்கள். சில பாகை திருப்ப வேண்டிவரும். அன்றைய காந்த ஊசி காட்டிய வடக்கும் இன்றைய வரைபடத்தின் வடக்கும் ஒன்றில்லை. கோடு மூடவில்லையென்றால் கிளார்க் ஒரு திசையை மாற்றி எழுதியிருப்பார், அல்லது ஒரு பக்கத்தையே விட்டிருப்பார். அதே நிலத்தின் முந்தைய பட்டாவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அண்டை நிலங்களையும் இப்படியே வரைந்து ஒட்டினால் ஓடையோரம் யார் பக்கத்தில் யார் என்று கண்முன் வந்துவிடும். மூத்த ஜானின் நிலத்தைத் துண்டாக்கி வந்த நிலத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த ஜான், பத்து மைல் தள்ளி வேறு ஓடையில் இருப்பவர் எந்த ஜான் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எழுத்தில் கிடைப்பது அபூர்வம்.

அறிகுறி: விற்ற பத்திரம் இருக்கிறது, வாங்கிய பத்திரம் இல்லை

இதைக் கண்டால் சந்தோஷப்படுங்கள். பத்திரப் புத்தகங்களிலேயே தகப்பனைக் காட்டும் வலுவான தடயம் இதுதான்.

வர்ஜீனியாவில் 1787 ஜனவரி 1 வரை, உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே. அதை மாற்றிய சட்டம் 1785-ல் நிறைவேறி அந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நிலம் தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்குப் பத்திரமே இல்லாமல் கைமாறும். 1760-ல் ஒருவர் பட்டா வாங்கிய 200 ஏக்கரை 1775-ல் அதே குடும்பப் பெயருள்ள வேறொருவர் விற்கிறார், நடுவில் எதுவும் பதிவாகவில்லை என்றால் மூத்த மகன் என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது.

முடிவுகட்டும் முன் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, தாய்ப்பத்திரம் பழைய கவுண்டியில் பதிவாகியிருக்கலாம். இரண்டு, பத்திரத்தின் முன்னுரையைக் கடைசி வரி வரை படியுங்கள். நிலம் எப்படி வந்தது என்று அங்கேயே எழுதியிருப்பதும் உண்டு, அச்சுச் சுருக்கங்களில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். மூன்று, பிள்ளையில்லாமல் இறந்தவரின் நிலம் அண்ணனுக்கோ அண்ணன் மகனுக்கோ போயிருக்கலாம். வாரிசு என்பதால் மட்டும் மகன் ஆகிவிடாது.

இன்னொரு பொறி உண்டு. காலனி காலத்தில் ஒரே விற்பனைக்கு அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு பத்திரம் எழுதுவார்கள். முதல் நாள் ஐந்து ஷில்லிங்குக்கு ஒரு வருடக் குத்தகை, மறுநாள் உண்மையான விலைக்கு நிலத்தை முழுதாக விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். இதை இரண்டு நிலம் என்று எண்ணினால் இல்லாத இன்னொரு ஜான் பிறந்துவிடுவார்.

அறிகுறி: உயிலில் பெயர் இல்லை, அல்லது பெயர் இருக்கிறது, ஆனால் அது வேறு ஆள்

உயிலில் இல்லாத பிள்ளை, பிள்ளையே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். மூத்தவன் முன்பே நிலம் வாங்கிக்கொண்டு போயிருப்பான். மகள் கல்யாணத்தின்போதே மாடும் பாத்திரமும் கொண்டுபோயிருப்பாள். ஒரு ஷில்லிங் மட்டும் எழுதிவைத்தால் கோபத்தில் விலக்கினார் என்று அர்த்தமில்லை. பல சமயம் பங்கு ஏற்கெனவே முடிந்தது என்பதற்கான அடையாளம் அது.

மறுபுறம், உயிலில் பெயர் இருப்பதாலேயே அது உங்கள் ஆள் என்றும் ஆகாது. ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி ஹாங்க்ஸ் விஷயத்தில் நடந்தது இதுதான். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் வர்ஜீனியாவின் ஹாம்ப்ஷயர் கவுண்டியில், பேட்டர்சன் ஓடைப்பக்கம் இருந்தவர். அந்த இடம் இன்று மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. 1784 வாக்கில் நிலத்தை அடமானம் வைத்துவிட்டுக் கென்டக்கிக்குப் போனார். 1793 ஜனவரியில் நெல்சன் கவுண்டியில் உயில் எழுதினார். அதே ஆண்டு மே மாதம் அது கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டது. ஐந்து மகன்கள், மூன்று மகள்கள் பெயர் வருகிறது. மகன்களுக்குக் குதிரைகள், மகள்களுக்குக் கிடாரிகள். மகள் நான்சிக்கு ஒரு வயதுக் கிடாரி. அதன் பெயர் பைடி.

லிங்கனின் தாய் பெயரும் நான்சி ஹாங்க்ஸ். இடம் பொருந்துகிறது, காலம் பொருந்துகிறது. 1899-ல் வந்த ஒரு நூல் இந்த நான்சியே லிங்கனின் தாய் என்று அடித்துச் சொன்னது. ஆனால் அந்த வீட்டில் இரண்டு நான்சிகள். கிடாரி வாங்கிய நான்சி, ஜோசப்பின் மகள். லிங்கனின் தாய் நான்சி, ஜோசப்பின் இன்னொரு மகள் லூசியின் பிள்ளை. சித்தியும் அக்காள் மகளும் ஒரே பெயர். சித்தி நான்சிக்கு 1799-ல் பிறந்தவர்தான் லிங்கன் கதைகளில் அடிக்கடி வரும் டென்னிஸ் ஹாங்க்ஸ். அந்த உயிலில் லூசியின் பெயர் கிடையாது. பெயர் இருந்தது வேறு ஆளுக்கு; நம் வழி போகும் மகளுக்கு இடமே இல்லை. இந்த அறிகுறியின் இரண்டு முகமும் ஒரே தாளில் இருக்கிறது.

தீர்வு: உயிலில் வரும் ஒவ்வொரு பெயரையும் அதன்பின் இருபது வருடம் தனித்தனியாகப் பின்தொடருங்கள். உயிலில் உள்ள நான்சி யாரைக் கட்டினார், எங்கே போனார், எப்போது இறந்தார் என்று தேடினால் அவர் வேறு ஒருவராக வாழ்ந்து முடித்திருப்பது தெரியவரும். நம்மவர் பெயரை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது ஒருபோதும் கண்ணில் படாது.

அறிகுறி: உறவுச் சொல் முட்டுகிறது

தமிழில் மாமா வேறு, சித்தப்பா வேறு. அண்ணன் மகனும் அக்காள் மகனும் ஒன்றில்லை. அந்தப் பழக்கத்தோடு 18-ம் நூற்றாண்டு ஆங்கில ஆவணத்தைப் படித்தால் ஏமாந்துபோவோம். அன்றைய "சன்-இன்-லா" மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். "மதர்-இன்-லா" மாமியாராகவோ மாற்றாந்தாயாகவோ இருக்கலாம். "கசின்" என்று எழுதியிருப்பது உடன்பிறந்தாரின் பிள்ளையையும் குறிக்கும். "பிரதர்" மைத்துனருக்கும் வரும்.

"சீனியர்", "ஜூனியர்" என்றதும் தகப்பன், மகன் என்று இணைப்பதுதான் நான் அறிந்தவற்றில் அதிகச் சேதம் செய்த தவறு. அந்தச் சொற்கள் வட்டாரத்தில் ஒரே பெயருள்ளவர்களில் மூத்தவர், இளையவர் என்று மட்டுமே சொல்கின்றன. சித்தப்பாவும் மகன்முறையும் ஆகலாம், சம்பந்தமே இல்லாதவர்களும் ஆகலாம். மூத்தவர் செத்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நேற்றைய ஜூனியர் இன்று சீனியர் ஆவார். ஒவ்வொரு அடைமொழிக்கும் எதிரே ஆண்டைக் குறித்து, எந்த ஆண்டில் மாறுகிறது என்று பாருங்கள். அந்த மாற்றம் ஒரு சாவுக்கோ குடிபெயர்வுக்கோ நாள் குறித்துக் கொடுக்கும்.

"ஆர்ஃபன்" என்றால் தகப்பன் இறந்த, 21 வயது நிரம்பாத பிள்ளை. தாய் உயிரோடு இருக்கலாம். "இன்ஃபன்ட்" கைக்குழந்தை இல்லை, 21-க்குக் கீழ் உள்ள யாரும். உயிலில் "என் இப்போதைய மனைவி" என்று வந்தால் முன்னால் இன்னொருத்தி இருந்தாள் என்று அர்த்தமில்லை, அது வக்கீல் நடை. அந்தச் சொற்றொடரை நம்பி இல்லாத முதல் மனைவியைக் கண்டுபிடித்து, பாதிப் பிள்ளைகளை அவளுக்கு ஒதுக்கிய மரங்கள் எத்தனையோ!

அறிகுறி: வயது உதைக்கிறது

முதலில் காலண்டரைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1740 நவம்பரில் எழுதிய உயில் "1740 பிப்ரவரியில்" நிரூபிக்கப்பட்டதாக இருந்தால் தவறில்லை. நமக்கு அது 1741 பிப்ரவரி. 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. குடும்ப பைபிளில் ஒரு தேதியும் கல்லறையில் பதினொரு நாள் தள்ளி இன்னொரு தேதியும் இருந்தால் ஆள் இரண்டு என்று நினைக்க வேண்டாம்.

பிறகு சட்ட வயதுகளால் இருபக்கமும் வேலி போடுங்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குக் கோர்ட் கார்டியனை (பாதுகாவலரை) நியமித்தால் பிள்ளைக்குப் பொதுவாக 14-க்குக் கீழ். பிள்ளையே கார்டியனைத் தேர்ந்தெடுத்தால் 14-க்கு மேல், 21-க்குக் கீழ். 1768-ல் கோர்ட் நியமித்தது, 1771-ல் அதே பையன் தானே தேர்ந்தெடுத்தான் என்றால் அவன் பிறந்தது 1754-க்கும் 1757-க்கும் இடையில். 1750-ல் இறந்துபோன ஒருவரைத் தகப்பனாக எழுதிய மரம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

1782 முதல் வர்ஜீனியாவில் ஆண்டுதோறும் தனிச்சொத்து வரிப் பட்டியல் உண்டு. 21 வயது ஆண் பெயரோடு வருவார். 16 முதல் 21 வரையுள்ளவர்கள் பல ஆண்டுப் பட்டியல்களில் குடும்பத் தலைவரின் பெயருக்கு எதிரே எண்ணிக்கையாக இருப்பார்கள். அந்த எண் ஒன்று கூடினால் ஒரு பையன் 16 தொட்டான். ஐந்து வருடம் கழித்து அந்த எண் ஒன்று குறைந்து, அதே குடும்பப் பெயரில் புதிய ஆள் ஒருவர் தனியாக முளைத்தால், அதே பையனாக இருக்க வாய்ப்பு அதிகம். வரி எடுத்த தேதியையும் பாருங்கள். பட்டியல் அகரவரிசையில் இருந்தாலும் தேதி எழுதியிருந்தால், ஒரே நாளில் எழுதப்பட்டவர்கள் அக்கம்பக்கத்தார். பத்து வருடப் பட்டியலை வரிசையாக, ஒரு வருடமும் விடாமல் எடுக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் கணக்கு கலைந்துவிடும். அந்த எண்ணிக்கையில் வேலைக்காரப் பையனோ அண்ணன் மகனோ சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அமெரிக்க விடுதலைப் போர் வீரர் என்றால் 1832 ஜூன் ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் கொடுத்த வாக்குமூலத்தைத் தேடுங்கள். கேட்கப்பட்ட முதல் கேள்வியே எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்கள் என்பது. இரண்டாவது, வயதுக்கு ஆதாரம் உண்டா, இருந்தால் எங்கே. தகப்பனின் பைபிள் இன்ன அண்ணனிடம் இருக்கிறது என்று ஒரு கிழவர் சொல்லியிருந்தால் அதற்கு ஈடான சாட்சி கிடையாது.

அறிகுறி: திடீரென்று முளைக்கிறார், அதற்கு முன் எங்கும் இல்லை

பெரும்பாலும் ஆள் நகரவில்லை, கவுண்டி நகர்ந்துவிட்டது. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் ஒரே வீட்டில் இருந்தவரின் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1745 வரை ஆரஞ்ச் கவுண்டி, 1770 வரை அகஸ்டா, பிறகு பாட்டடாட், 1772-லிருந்து ஃபின்காஸில், 1777-லிருந்து மாண்ட்கோமரி அல்லது வாஷிங்டன். ஃபின்காஸில் 1776 முடிவில் கலைக்கப்பட்டுக் கென்டக்கி, மாண்ட்கோமரி, வாஷிங்டன் என்று மூன்றானது. அதன் புத்தகங்கள் மாண்ட்கோமரியின் தலைநகர் கிறிஸ்டியன்ஸ்பர்க்கில் உள்ளன. வட கரோலினாவின் மேல் யாட்கின் பக்கம் இதே கதைதான்: 1750-ல் ஆன்சன், 1753-ல் ரோவன், 1771-ல் சர்ரி, 1778-ல் வில்க்ஸ். ஹோல்ஸ்டன் ஆற்றங்கரையில் இருந்த சிலர் 1779-ல் எல்லைக்கோடு நீட்டப்படும் வரை வர்ஜீனியாவுக்கு வரி கட்டிவிட்டு, பிறகு வட கரோலினாக்காரர் ஆனார்கள். தேடத் தொடங்கும் முன் உங்கள் ஓடைக்கு இப்படியொரு கால அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

கோர்ட் கட்டிடமே எரிந்த கவுண்டி என்றால் மேலிடத்துக்கும் பக்கத்துக்கும் போங்கள். நிலப் பட்டாக்களும் 1782-க்குப் பிந்தைய வரிப் பட்டியல்களும் தலைநகருக்குப் போனவை, கவுண்டியில் நெருப்புப் பிடித்தாலும் தப்பியவை. ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா நூலகத்தில் இரண்டும் உண்டு. சொத்துப் பங்கு வழக்குகள் ஓடிய சான்சரி கோர்ட் கட்டுகளை விட்டுவிடாதீர்கள். யார் யாருக்கு எத்தனை பிள்ளை, யார் மிசூரிக்குப் போனார், யார் செத்தார் என்று சாட்சிகள் பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பார்கள். வழக்கு தகப்பன் செத்து நாற்பது வருடம் கழித்து நடந்திருக்கலாம், அத்தை வீட்டுப் பெயரில் இருக்கலாம். ஆகவே குடும்பப் பெயரில் மட்டும் தேடினால் அகப்படாது. உடன்பிறந்த பெண்களின் புகுந்த வீட்டுப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள்.

அறிகுறி: தாய் தெரிகிறது, தகப்பன் எந்தத் தாளிலும் இல்லை

பிள்ளை தாயின் குடும்பப் பெயரோடு வளர்ந்தால் கல்யாணத்துக்கு வெளியே பிறந்ததா என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்த மனிதர்களுக்கு இது இழுக்கில்லை. எல்லைப்புறத்தில் இது அன்றாடம் நடந்தது, கோர்ட் புத்தகத்தில் திறந்தே எழுதினார்கள். பாரிஷ் சர்ச்வார்டன்கள் (வட்டாரத் தேவாலய நிர்வாகிகள்) அத்தகைய பிள்ளைகளைத் தொழில் கற்க ஒப்பந்தம் போட்டு அனுப்பிய உத்தரவுகள், கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டும் ஊரார் குழு) குற்றச்சாட்டுகள் ஆகியவற்றைப் பாருங்கள். வட கரோலினாவாக இருந்தால் தகப்பன் எழுதிக்கொடுத்த பராமரிப்பு ஜாமீன் பத்திரங்கள் மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன, அவற்றில் ஆண் பெயர் நேராகவே இருக்கும்.

லூசி ஹாங்க்ஸ் 1789 நவம்பரில் கென்டக்கி மெர்சர் கவுண்டி கிராண்ட் ஜூரியால் ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்டார். 1790 ஏப்ரலில், தனக்கு வயது வந்துவிட்டது, ஹென்றி ஸ்பேரோ தன்னை மணக்க உரிமம் எடுக்கலாம் என்று சீட்டு எழுதிக்கொடுத்தார். மகள் நான்சி பிறந்தது அதற்கு ஆறு வருடம் முன். லிங்கனின் வக்கீல் தொழில் பங்காளி வில்லியம் ஹெர்ன்டன், தன் தாய் நான்சி, லூசிக்கும் ஒரு வர்ஜீனியப் பண்ணையாருக்கும் பிறந்தவர் என்று லிங்கனே குதிரை வண்டிப் பயணத்தில் சொன்னதாக எழுதினார். பலருக்கு அது பொறுக்கவில்லை. லூசியின் பிறந்த வீட்டுப் பெயர் ஷிப்லி, ஜேம்ஸ் ஹாங்க்ஸ் என்பவரின் விதவையாகத்தான் ஸ்பேரோவைக் கட்டினார், நான்சி முறையான கல்யாணத்தில் பிறந்தவர் என்று ஒரு மாற்றுக் கட்சி எழுந்து நெடுங்காலம் நின்றது. கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காகப் பிறக்கும் தகப்பன்மார் உண்டு. ஒரு கட்சிக்கு ஆவணம் இல்லாமல் ஆர்வம் மட்டும் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: இருநூறு மரங்கள் ஒரே தகப்பனைச் சொல்கின்றன

இருநூறு என்பது ஒன்று. ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்தது. ஒவ்வொரு மரமும் காட்டும் ஆதாரத்தை அதன் ஆதாரம் வரை துரத்துங்கள். பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டுக் கடைசியில் அச்சான ஒரு குடும்ப வரலாற்றில் போய் நிற்கும், "மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்தார்கள்" என்று தொடங்கும். அந்தக் காலத்தில் குஸ்டாவ் அன்ஜூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பொய் வம்சாவளி எழுதிக்கொடுத்தார். அவர் தாள்கள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன, மரங்களுக்குள்ளும் ஏறிவிட்டன. தாத்தா பெயர் மூத்த பேரனுக்கு என்ற பெயர்வரிசையை ஆதாரமாகக் காட்டினால் அதைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டிஎன்ஏ பார்த்தும் தீரவில்லை

எந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்கு என்பதில்தான் பணம் வீணாகிறது. ஒய்-டிஎன்ஏ தகப்பன் வழியே மகனுக்கு மகனாகப் போவது. இரண்டு கட்சித் தகப்பன்மாரும் வெவ்வேறு குடும்பம் என்றால் சீக்கிரம் தீரும். முதலில் 37 மார்க்கர் (37 இடங்களை ஒப்பிடும் சோதனை), ஒட்டினால் இன்னும் ஆழமாகப் பார்க்கும் பிக் ஒய். ஒவ்வொரு கட்சிக்கும் வெவ்வேறு மகன்கள் வழி வந்த இரண்டு ஆண்களையாவது சோதியுங்கள். ஒருவரை மட்டும் எடுத்தால் அவருடைய வழியில் நடுவில் எங்கோ இரத்தம் மாறியிருந்தால் உங்களுக்குத் தெரியாது.

இரண்டு கட்சிக்காரர்களும் அண்ணன் தம்பி என்றால் ஒய்-டிஎன்ஏ அநேகமாகக் கைவிரித்துவிடும். அங்கே மனைவிமாரைப் பிடியுங்கள். அண்ணனும் தம்பியும் வெவ்வேறு வீட்டில் பெண் எடுத்திருப்பார்கள். நம் முன்னோரின் வழியினர் அண்ணியின் உடன்பிறந்தார் வழியினரோடு ஆட்டோசோமல் (தாய், தகப்பன் இருவழியிலும் வரும்) டிஎன்ஏ துண்டுகளைப் பகிர்ந்து, தம்பி மனைவியின் வீட்டாரோடு ஒன்றும் பகிரவில்லையென்றால் தராசு அண்ணன் பக்கம் சாயும். அளவு சிறியது என்பதை மறக்க வேண்டாம். மூன்றாம் படி கசின்களுக்குள் (கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் ஒன்றாக இருப்பவர்கள்) சராசரி 73 சென்டிமார்கன் (டிஎன்ஏ துண்டின் அளவு), நான்காம் படிக்கு 35, ஐந்தாம் படிக்கு 25. அதுவும் பொருந்தியவர்களின் சராசரி. 1750 வாக்கில் பிறந்தவரின் இன்றைய வழியினர் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் படி, பலருக்கு ஒரு துண்டும் பொருந்தாது. ஆகவே குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்த தலைமுறையை முதலில் சோதியுங்கள். 7 சென்டிமார்கனுக்குக் கீழுள்ள துண்டுகளை விட்டுவிடுங்கள். ஒரே ஓடையோரக் குடும்பங்கள் மூன்று தலைமுறை தங்களுக்குள் கொடுத்து வாங்கியிருந்தால் எல்லா எண்ணும் ஊதிக் காட்டும். அந்த இடத்தில் ஒற்றைப் பொருத்தத்தை நம்பாமல் கூட்டமாகப் பாருங்கள்.

தாய் யார் என்ற சண்டைக்குத் தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ. நான்சி ஹாங்க்ஸ் வழக்கை 2015-ல் முடித்தது இதுதான். நான்சியின் மகள் சாரா 1828-ல் பிள்ளையில்லாமல் இறந்ததால் நான்சியின் நேர்ப் பெண்வழி இல்லை. அதனால் கேள்வியை ஒரு படி மேலே தூக்கினார்கள்: லூசி ஷிப்லி வீட்டுப் பெண்ணா, ஜோசப் ஹாங்க்ஸின் மனைவி ஆன் லீயின் மகளா? லூசிக்கு ஸ்பேரோ வழியில் பிறந்த மகள்களின் பெண்வழியும், ஆனின் மற்ற மகள்களின் பெண்வழியும் எக்ஸ்1சி என்ற மிக அரிய பிரிவில் ஒன்றாகப் பொருந்தின. ஷிப்லி வழி பொருந்தவில்லை. நேர்வழி அற்றுப்போன இடத்தில் ஒரு தலைமுறை மேலே ஏறிப் பக்கவாட்டில் இறங்கும் இந்த முறையை உங்கள் வழக்கிலும் முயன்று பாருங்கள்.

முடிவை எழுதும்போது

தோற்ற கட்சியின் ஆதாரத்தையும் எழுதி, அது ஏன் நிற்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுங்கள். பதில் சொல்ல முடியாத ஓர் ஆவணம் மிஞ்சினால் வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. மரத்தில் பெற்றோர் கட்டத்தை நிரப்பினால் மென்பொருள் அதை எல்லோருக்கும் பரிந்துரைக்கத் தொடங்கிவிடும், ஒரே வாரத்தில் இருபது மரங்களில் ஏறிவிடும். சந்தேகம் இருக்கும்வரை கட்டத்தைக் காலியாக விட்டு, குறிப்புப் பகுதியில் இரண்டு கட்சிகளையும் ஆவண எண்ணோடு எழுதுங்கள். நான்சி ஹாங்க்ஸுக்குத் தாய்க் கட்டத்தில் லூசி, பாட்டிக் கட்டத்தில் ஆன். தகப்பன் கட்டம் காலி.